பின்பனிக் காலப் பனிச்சரிவு: இடரை அளந்தறியும் முறை

முன்னுரை

தமிழில் 'பனி' என்பது மென்மையான சொல். புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி; மார்கழி விடியலில் பெரம்பலூர்ச் சாலையை மறைத்து நிற்கும் புகைபோன்ற மூட்டமும் பனி; உதகையின் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனியும் பனி; இமயத்தில் ஆளுயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கும் வெண்பனியும் பனியே. நான்கையும் ஒரே சொல்லால் சுட்டிப் பழகிய நமக்கு, 'பனிச்சரிவு' என்று செய்தித்தாளில் காணும்போது அச்சம் தோன்றுவதில்லை. தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டால் தீர்ந்துவிடும் இடர் போலவே அது செவியில் விழுகிறது.

2016 பிப்ரவரி 3ஆம் நாள், காரகோரம் மலைத்தொடரின் சியாச்சின் பனியாற்றில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையின்மீது பெரும் பனிச்சுவர் சரிந்து வீழ்ந்தது. அங்கிருந்த பத்து வீரர்களும் புதையுண்டனர். அவர்கள் மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியில் பணியாற்றியவர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர் நால்வர் அப்பதின்மருள் இருந்தனர். கருநாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா என்னும் வீரர் ஆறு நாள்களுக்குப் பின், 25 அடிக்கு மேற்பட்ட பனியின் அடியிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டார். பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி இராணுவ மருத்துவமனையில் உயிர்நீத்தார்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். நம் மாவட்டங்களிலிருந்து படையில் சேர்வோர் உளர். எல்லைச் சாலைப் பணிக்கும் சரக்குந்து ஓட்டவும் வடக்கே செல்வோர் உளர். இப்போது அவர்களினும் மிகுதியாகச் செல்வோர் சுற்றுலாப் பயணியரே. ரோதாங் கணவாயின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்டபின், முன்னர்க் குளிர்காலம் முழுதும் அடைபட்டுக் கிடந்த லாஹவுல் பள்ளத்தாக்குக்கு எவரும் மகிழுந்தில் சென்று பனியை மிதித்துவர முடிகிறது. அங்கே எழுதி வைக்கப்படும் எச்சரிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதைப் படித்தாலும் பொருள் விளங்க வேண்டுமானால், அறிவு முதலில் தாய்மொழியில் இருந்தாக வேண்டும். இக்கட்டுரை அதற்கான ஒரு சிறு முயற்சி.

சொல்லும் பொருளும்

'பனி'யினும் குழப்பம் தருவது 'சரிவு' என்னும் சொல். மலையின் சாய்ந்த பக்கமும் சரிவு. அப்பக்கம் பெயர்ந்து வீழ்தலும் சரிவு. இடத்துக்கும் நிகழ்ச்சிக்கும் ஒரே பெயர். 'பனிச்சரிவில் நடக்கலாகாது' என்றால் பனி மூடிய சாய்வில் நடக்கலாகாது என்பதா, பனி சரியும்போது நடக்கலாகாது என்பதா? (நம் சின்ன வெங்காய உழவரைக் கேட்டால் சரிவு என்பது விலைக்கு மட்டுமே உரியது என்பர், அதுவும் பொய்யன்று.) இக்கட்டுரையில் இடத்தைச் 'சாய்வு' என்றும், நிகழ்ச்சியைச் 'சரிவு' என்றும் பிரித்தே வழங்குவோம். பனி என வருமிடமெல்லாம் வெண்பனியையே குறிக்கும்.

தமிழகத்திலும் பனிச்சரிவின் பெயர்தாங்கிய ஊர் ஒன்று உண்டு. நீலகிரியில் உள்ள அவலாஞ்சிதான் அது. பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவ்வூர்க்குப் பெயராயிற்று. ஆயின் அங்கே சரிந்தது பனியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும் மண்சரிவே அப்பெயருக்குக் காரணம். அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் பதிவான 24 மணிநேர மழை 820 மில்லிமீட்டர். மண்ணாயினும் பனியாயினும் சாய்வில் தங்கிய பொருளை நீர் தளர்த்தும் என்ற அளவில் இரண்டும் உறவுடையனவே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது பனியை மட்டும்.

பின்பனியும் இளவேனிலும்

தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். பிரிவுக்குரிய பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் அவர் உரிமையாக்கியமை மாணாக்கர் அறிந்ததே. தமிழ்நிலத்தில் பின்பனி என்பது இரவின் பிற்பகுதியில் சிறிது குளிரும் காலம், அவ்வளவே. இமயத்திலோ மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்கள் மார்கழி முதல் பங்குனி வரை கொட்டிச் சேர்த்த பனி முழுதும் மலைமேல் நிற்க, கதிரவன் வலுப்பெறத் தொடங்கும் காலம் அது. சேமிப்பு உச்சத்தில் இருக்கும்போதே கரைப்பும் தொடங்குகிறது.

இக்காலத்து நேர்ச்சிகள் சிலவற்றை நினைவுகூர்தல் தகும். 1979 மார்ச்சில் லாஹவுல் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து வீழ்ந்த சரிவுகளில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2012 ஏப்ரல் 7ஆம் நாள் சியாச்சின் அருகே கயாரி என்னுமிடத்தில் பாகிஸ்தான் படைமுகாம் புதையுண்டு 140 பேர் இறந்தனர். பனிக்கு எல்லைக்கோடு தெரியாது. 2023 ஏப்ரல் 4ஆம் நாள் சிக்கிமில், காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையின் பதினைந்தாம் மைலருகே, நண்பகல் 12 மணி கடந்த சிறிது நேரத்தில் வீழ்ந்த சரிவு சுற்றுலா வந்த எழுவரின் உயிரைக் கொண்டது. பதின்மூன்றாம் மைல் வரை செல்லவே இசைவு தரப்பட்டிருந்தது எனவும், அதற்கு அப்பாலும் மக்கள் சென்றிருந்தனர் எனவும் காவல்துறை தெரிவித்தது. அன்றைய சரிவு எவ்வகையது என்னும் ஆய்வுக்குள் நாம் புகவில்லை. பங்குனி மாதம், நண்பகல் வேளை, செங்குத்தான சாய்வின் அடி, அங்கே கூடிநின்ற கூட்டம் ஆகிய நான்கையும் மாணாக்கர் மனத்தில் குறித்துக்கொள்வாராக. பின்னர் வரும் விளக்கங்களுக்கு அவை உதவும்.

பனி எவ்வாறு தங்குகிறது, எவ்வாறு பெயர்கிறது

களத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டிக் குவிப்பதை நம் பகுதியில் காணாதவர் இலர். குவியல் ஓர் அளவுக்குமேல் செங்குத்தாக நிற்பதில்லை. உச்சியில் ஒரு பிடி கூடுதலாக இட்டால் ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே வர வர அகன்று, விசிறி போல் மணிகள் ஓடும். புதிதாய்ப் பெய்த உதிரிப்பனியும் இவ்வாறே ஒரு புள்ளியிலிருந்து சரியும். இதனை உதிரிச் சரிவு எனலாம்.

ஆயின் பனி சோளமன்று. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பனித்துகள்கள் நாளடைவில் ஒட்டிக்கொள்கின்றன. காற்று அடித்துச் சேர்த்த பனி விரைவில் இறுகிப் பாளம் ஆகிவிடும். பாளம் வலிமையுடையது, சாய்வு செங்குத்தாயினும் நிற்கும். அதன் அடியில் இருப்பது என்ன என்பதே வினா. குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லிய படலமாக இருக்கையில், தரை ஏறத்தாழ உறைநிலையிலும் மேற்பரப்பு அதனினும் மிகக் குளிர்ந்தும் இருக்கும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு செல்சியஸ் பாகைக்குமேல் வெப்ப வேறுபாடு நிலவினால், நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பழைய துகள்கள் சிதைந்து, கோணங்களுடைய பெரிய துகள்கள் தோன்றுகின்றன. கையில் எடுத்தால் சர்க்கரை போல் உதிரும். பிடித்தால் உருண்டை ஆகாது. இந்தச் சர்க்கரைப் பனியின்மீது மாசி மாதப் பாளம் வந்து அமர்கிறது. ஒருவர் அதன்மேல் காலை வைக்க, அடியடுக்கு நொறுங்க, நொறுங்கல் பாளத்தின் கீழே ஓட, மேலே ஒரு கோடு கிழிந்து முழுப்பாளமும் பெயர்ந்துவிடும். பழைய சுவரில் காரை பொத்தென்று ஒரே வில்லையாக விழுவதை இதற்கு ஒப்பிடலாம். இது பாளச் சரிவு. மலையேறுவோர் மாளும் நேர்ச்சிகளில் பெரும்பாலானவற்றில், சரிவைத் தூண்டியவர் புதையுண்டவரோ அவர் கூட்டத்தாருள் ஒருவரோதான் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. இடி முழக்கமோ உரத்த குரலோ சரிவை உண்டாக்கும் என்பது திரைப்படக் கற்பனை. ஆள் எடை போதும்.

கதிரவன் போடும் கணக்கு

இளவேனிற் சரிவு மேற்கூறியவற்றினின்று வேறுபட்டது. இங்குத் தூண்டுவது நீர். குளிர்காலம் முழுதும் உறைநிலைக்குக் கீழிருந்த பனித்திரள், மேலிருந்து கீழ்வரை உறைநிலையை எட்டும் நாள் ஒன்று வரும். அதன்பின் உருகிய நீருக்கு மீண்டும் உறைய இடமில்லை. அது துகள்களுக்கிடையே கசிந்து இறங்குகிறது. துகள்களைப் பிணைத்த கழுத்துகளைக் கரைக்கிறது. இடையில் கெட்டியான பொருக்கு ஒன்று தடுத்தால் அதன்மேல் தேங்குகிறது. முதன்முறையாக நீர் இறங்கும் அந்தச் சில நாள்களே மிகக் கொடியவை. பலமுறை உருகி உறைந்து கரடுமுரடான பெருந்துகள் ஆகிவிட்ட பனியில் நீர் வடிந்துபோக வழி உண்டாகிவிடுகிறது; அது இரவில் உறைந்தால் பாறை போல் நிற்கும்.

ஆகவே இளவேனிலில் இடரை அளப்பவர் முதலில் கேட்க வேண்டியது, 'நேற்றிரவு பனித்திரள் உறைந்ததா?' என்பதே. இதற்கான விடையை நம் உழவர் வேறுவகையில் அறிவர். வானம் தெளிந்த இரவில் வைக்கோற்போர் நனையப் பனி இறங்கும். மேகம் மூடிய இரவில் இறங்காது. காரணம் ஒன்றே. தெளிந்த வானத்தை நோக்கித் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. மேகம் அவ்விழப்பைத் தடுத்துப் போர்வையாகிறது. இமயத்திலும் இதே விதி. தெளிந்த இரவாயின் மேற்பரப்பு உறைந்து ஆள் நடந்தாலும் அமுங்காத பொருக்கு உண்டாகும். மேகம் மூடிய இரவாயின், அல்லது மழை தூறிய இரவாயின், காலையிலேயே கால் கணுக்கால் வரை அமுங்கும். வெப்பமானி உறைநிலைக்குச் சற்று மேலே காட்டினும் தெளிந்த வானம் மேற்பரப்பை உறையச் செய்யக்கூடும். உறைநிலைக்குக் கீழே காட்டினும் மேகம் அதைக் கெடுக்கக்கூடும். எனவே காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவுகட்டுதல் தவறு. காலால் மிதித்துப் பார்ப்பதே சான்று. அப்பொருக்கின் தடிப்பையும் பார்க்க வேண்டும். விரல் தடிப்புள்ளது முற்பகலிலேயே தளரும், சாண் தடிப்புள்ளது நண்பகல் வரை தாங்கும்.

பொருக்கு தளரும் வரிசையும் கதிரவனின் பாதையே. கிழக்கு நோக்கிய சாய்வு முதலில் வெயில் பெற்றுத் தளரும், பின்னர்த் தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்கு நோக்கிய சாய்வு வெயிலைக் காணாமையால் குளிர்காலத்துச் சர்க்கரைப் பனியை வைகாசி வரையிலும் மறைத்து வைத்திருக்கும். தெற்குச் சாய்வு பதப்பட்டுவிட்டதைக் கண்டு, வடக்குச் சாய்வும் அவ்வாறே இருக்கும் என்று கருதுவோர் ஏமாறுவர். விடியுமுன் புறப்பட்டு நண்பகலுக்கு முன் சாய்வுகளைவிட்டு இறங்கிவிடுதல் என்னும் மலையேறுவோர் வழக்கம் இக்கணக்கிலிருந்து பிறந்ததே. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இயங்குகின்றன. விடுதியில் சிற்றுண்டி முடித்து, பத்து மணிக்குப் புறப்பட்டு, நண்பகலில் பனியைச் சென்றடைகின்றன!

ஈரச்சரிவு உலர்சரிவினும் மெதுவாகவே வரும். உலர்ந்த தூள்பனிச் சரிவு மணிக்கு நூறு கிலோமீட்டரை எளிதிற் கடக்கும். ஈரச்சரிவு அதிற் பாதிக்கும் குறைவான வேகத்தில் குழம்பு போல் இறங்கும். ஆயின் எடை வேறு. புதுப்பனி கனமீட்டருக்கு நூறு கிலோகிராமளவோ அதனினும் குறைவாகவோ இருக்க, ஈரப்பனி நானூறு, ஐந்நூறு கிலோகிராம் இருக்கும். அது நின்றவுடன் இறுகிவிடுகிறது. அரியலூர்க்காரர்க்கு இதனை விளக்குதல் எளிது: கலந்து ஊற்றிய சிமெண்டுக் கலவை இறுகுவது போன்றதே; இங்குச் சில நொடிகளில் இறுகும் என்பதுதான் வேறுபாடு. புதையுண்டவர் விரலையும் அசைக்க முடியாது.

கடிகாரம் கைகொடாத நாள்

'அதிகாலையில் சென்றால் ஆபத்தில்லை' என்று மேற்கூறியதைச் சுருக்கிக்கொள்ளலாகாது. அவ்விதி, தெளிந்த இரவும் வெயிற்பகலும் மாறி மாறி வரும் நாள்களுக்கே உரியது. புயல் பனியைக் கொட்டும் நாளுக்கு அது பொருந்தாது. உத்தரகண்டத்தின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்தை அடுத்த மாணா சிற்றூரருகே, 2025 பிப்ரவரி 28ஆம் நாள் எல்லைச் சாலைத் தொழிலாளர் முகாமின்மீது சரிவு வீழ்ந்தது விடியற்காலையில்தான். அங்கிருந்த 54 பேருள் 46 பேர் மீட்கப்பட்டனர், எண்மர் இறந்தனர். அவர்கள் தங்கியிருந்த எஃகுக் கொள்கலன்கள் பலரைக் காத்தன எனப்பட்டது.

இந்நேர்ச்சியில் கருதத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. முந்தைய நாள் மாலையிலேயே, சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது. அதனை வெளியிட்டது சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம். 1969இல் மணாலியில் தொடங்கப்பட்ட பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமே, வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு 2020 முதல் இப்பெயரில் இயங்குகிறது. எச்சரிக்கை இருந்தது, முகாமும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு மாவட்டத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கையை, 'இந்தக் கூடாரத்துக்கு மேலுள்ள இந்தச் சாய்வு' என்று யாரேனும் ஒருவர் களத்தில் பெயர்த்துச் சொல்லியாக வேண்டும். அறிவியலினும் இப்பெயர்ப்பே அரிது என்பது நம் கருத்து.

புதுப்பனி நாளில் கேட்க வேண்டியவை வேறு: எவ்வளவு பெய்தது, எவ்வளவு விரைவாகப் பெய்தது, காற்று எத்திசையிலிருந்து அடித்தது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டும்; மறைவுப் பக்கத்தில் பனி பன்மடங்கு சேரும். முகட்டின் விளிம்பில் பந்தற்கூரை போல் நீண்டு தொங்கும் பனியைக் கண்டால், அது தொங்கும் பக்கமே பனி குவிந்த பக்கம் என அறியலாம். இளவேனிற் பகலில் அத்தொங்கல் முறிந்து விழுந்து கீழுள்ள சாய்வு முழுவதையும் கிளப்பிவிடுவதும் உண்டு. பொழிவு நின்று ஓரிரு நாள் கழியும்வரை செங்குத்தான சாய்வுகளை நெருங்காதிருத்தல் எங்கும் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு.

சாய்வை அளத்தல்

பனியின் நிலை நாள்தோறும் மாறும்; நிலத்தின் சாய்வு மாறாது. எனவே ஐயம் மிகும்போது நிலத்தை நம்பியே முடிவெடுத்தல் நன்று. பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 பாகை முதல் 45 பாகை வரை உள்ள சாய்வுகளில் தொடங்குகின்றன. அதனினும் மிகச் செங்குத்தான இடங்களில் பனி பெய்யப் பெய்ய உதிர்ந்துவிடுவதால் பெருந்திரளாய்ச் சேர்வதில்லை. முப்பது பாகை என்பதைக் கண்ணால் மதிப்பிடுதல் கடினம். கீழிருந்து பார்ப்பவர்க்கு அது சிறிதாகவும் மேலிருந்து பார்ப்பவர்க்குப் பெரிதாகவும் தோன்றும். கணக்கு எளிது: கிடையாக நூறு அடி செல்லும்போது ஏறத்தாழ 58 அடி உயர்ந்தால் 30 பாகை, நூறடி உயர்ந்தால் 45 பாகை. கைப்பேசியின் சாய்வுமானியும் இதற்கு உதவும்.

தாம் நிற்கும் இடம் சமதரை என்பதால் மட்டும் ஒருவர் காப்புப் பெற்றவர் ஆகார். மேலே தொடங்கும் சரிவு, சாய்வு குறைந்த இடத்திலும் நெடுந்தொலைவு ஓடிவந்தே நிற்கும். ஓடை வகிர்ந்த இடுக்குகளும் சாலை திரும்பும் மடிப்புகளும் மிகக் கேடானவை. பரந்த வெளியில் முழங்காலளவு பரவிப்போகும் பனி, இடுக்கில் பனைமர ஆழத்துக்குக் குவியும். காரை, குளக்கல்நத்தம் பகுதியின் களிமண் மேடுகளில் மழைநீர் அறுத்த ஓடைகளைப் பார்த்தவர்கள், நீரும் மண்ணும் எவ்வழி இறங்குகின்றன என்பதை அறிவர். பனியும் அவ்வழியே இறங்குகிறது. மரங்கள் இளையனவாய், ஒரு பக்கக் கிளைகள் முறிந்து, கீழ்நோக்கி வளைந்து நிற்கும் பட்டை ஒன்று காட்டின் நடுவே தெரிந்தால், அது பழைய சரிவுகள் இட்ட பாதை. அங்கே இளைப்பாற அமர்தல் கூடாது.

களத்தில் காணும் குறிகள்

கருவியின்றியும் காணத்தக்க குறிகள் உள. அருகிலுள்ள அதே திசைச் சாய்வில் இன்றோ நேற்றோ சரிவு நேர்ந்திருப்பின் அதனினும் தெளிவான சான்று வேறில்லை. நடக்கையில் காலடியில் 'வும்' என்று அடங்கிய ஓசை எழுந்து பனித்தளம் சற்று அமிழ்ந்தால், அடியிலுள்ள வலுவற்ற அடுக்கு நொறுங்கிவிட்டது என்று பொருள். காலடியிலிருந்து கீறல் ஓடினாலும் அதே பொருள். இவ்விரண்டையும் கண்டவர் வந்த வழியே திரும்புதல் வேண்டும்.

வெயிற்காலக் குறிகள் வேறு. பாறையோரத்திலிருந்து சிறு பனியுருண்டைகள் தாமே உருண்டு, சக்கரம் போல் பெருத்துக்கொண்டே இறங்கினால் மேற்பரப்பு தளரத் தொடங்கிவிட்டது என அறியலாம். காலையில் ஓசையெழ நொறுங்கிய பொருக்கு காலடியில் மெத்தென்றாகி, கணுக்கால் அமுங்கி, பின் முழங்கால் அமுங்குமாயின், தங்கும் நேரம் முன்னரே கடந்துவிட்டது.

பயிற்சி பெற்றோர் பனியில் குழி வெட்டி அடுக்குகளை ஆராய்வர். குழியின் சுவரைக் கையுறையணிந்த முட்டியால் அழுத்துவர். முட்டி புகுந்தால் அவ்வடுக்கு மிக மென்மையானது. பின்னர் நான்கு விரல், ஒரு விரல், எழுதுகோல், கத்தி எனக் கடினம் படிப்படியாக அளக்கப்படும். கடின அடுக்கின் கீழே மென்மையான அடுக்கு இருப்பதே இடர். பின்னர் ஒரு சாண் அகலத்தைவிடச் சற்றுப் பெரிய தூண் ஒன்றை, பக்கத்துக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில் வெட்டி நிறுத்தி, அதன்மேல் மண்வாரித் தட்டை வைத்து, மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து எனத் தட்டுவர். எத்தனையாவது தட்டில், எவ்வாறு, எந்த அடுக்கு பெயர்கிறது என்பது குறிக்கப்படும். கிணறு வெட்டுவோர் மண்ணடுக்கை விரலால் நிமிண்டிப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். அறிவு ஒன்றே, பொருள்தான் வேறு. ஆயினும் ஒரு குழி ஒரு குழியே. பத்தடி தள்ளி வேறொரு விடை கிடைக்கலாம். 'பெயரவில்லை' என்னும் விடையை வைத்துத் துணிவு கொள்ளலாகாது. 'பெயர்ந்தது' என்னும் விடையை வைத்துத் திரும்பிவிடலாம்.

புதையுண்டோர்

சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் பல்லாண்டுகள் தொகுத்த கணக்குகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. புதையுண்ட பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைக்கின்றனர். அரைமணி நேரம் கடந்தால் மூன்றில் ஒருவரே பிழைக்கிறார். பெரும்பாலோரைக் கொல்வது குளிரன்று, மூச்சடைப்பு. ஆறு நாள் உயிர் தாங்கிய ஹனுமந்தப்பா ஒரு விலக்கு. கூடாரத்துள் தங்கிய காற்றிடமே காரணம் எனக் கூறப்பட்டது. ஆகவே ஊர்க்குச் செய்தி சொல்லி மீட்புப்படை வரும்வரை காத்திருத்தல் பயன் தராது; காப்பவர் உடன்வந்தவரே. இதற்காக மலையேறுவோர் மூன்று பொருள்களை ஒவ்வொருவரும் வைத்திருப்பர்: உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அலைபரப்பிக் கருவி, மடக்கத்தக்க துழாவுகோல், மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

இசைவு தரும் முகவரிடம், 'ஒவ்வொருவர்க்கும் இம்மூன்றும் உண்டா? வழிகாட்டி இன்றைய எச்சரிக்கையைப் படித்தாரா? எத்தனை மணிக்குத் திரும்புவோம்?' என்று கேட்கத் தயங்கலாகாது. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்தார் 23 பேர் இறந்தமை நம் மாநிலம் மறக்கவொண்ணாதது. அங்கே தீ, இங்கே பனி. கேட்காத வினாக்கள் ஒன்றே.

அறிவிப்பின் மொழி

வட சிக்கிமில் இராணுவமும் மேற்கூறிய ஆய்வு நிறுவனமும் இணைந்து 2022இல் பனிச்சரிவைக் கண்டறியும் ரேடார் ஒன்றை நிறுவின. சரிவு தொடங்கிய சில நொடிகளில் அது உணர்த்தும். அது கண்டறிதலேயன்றி முன்னறிதலன்று என்பதை மாணாக்கர் பிரித்துணர வேண்டும். முன்னறிதல் இன்றும் பொழிவு, காற்று, வெப்பம், அடுக்கு ஆகியவற்றை மனிதர் எடையிட்டுச் சொல்லும் மதிப்பீடே.

அம்மதிப்பீட்டை ஐந்து நிலைகளாகச் சொல்லும் முறையை ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஏற்றுக்கொண்டன. பின்னர் வேறு நாடுகளிலும் பரவிற்று. தமிழில் அவற்றைத் தாழ்வு, மிதம், கணிசம், மிகை, கடுமிகை எனலாம் என்பது நம் பரிந்துரை. முதல் நிலைக்குக் 'காப்பு' என்றோ 'அச்சமின்மை' என்றோ பெயரிடுதல் பிழை. அந்நிலையிலும் தனித்த சில சாய்வுகள் சரியக்கூடும். ஐந்தாம் நிலை மிக அரிது. அந்நாளில் சாலைகள் அடைக்கப்பட்டுவிடும், எவரும் வெளிச்செல்லார்.

இடர்ப்பாடு மூன்றாம் நிலையிலேதான் மிகுதி. ஐரோப்பிய மலைகளில் மலையேற்றத்தார் மிகுதியாக மாள்வது அந்நிலை அறிவிக்கப்பட்ட நாள்களிலேயே. ஐந்துக்கு மூன்று எனக் கேட்பவர், தேர்வு மதிப்பெண் போல், 'நடுத்தரம்' என்று எண்ணிவிடுகின்றனர். நிலைகளோ சம அளவில் உயர்வன அல்ல. ஒவ்வொரு படியிலும் இடர் முன்னையதினும் ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பெருகும். மூன்றாம் நிலையில் ஓர் ஆளின் எடையே செங்குத்தான பல சாய்வுகளைக் கிளப்பப் போதும். அதனாற்றான் அதற்கு 'நடுத்தரம்' என்னும் சொல்லை விலக்கிக் 'கணிசம்' என்பதைப் பரிந்துரைத்தோம். இதனினும் எச்சரிக்கை மிகுந்த தனித்தமிழ்ச் சொல் மாணாக்கர் எவர்க்கேனும் தோன்றின், துறைக்கு எழுதித் தருக.